பழைய ஹார்ட் டிஸ்க் காந்தம் புது மோட்டாருக்குப் போகுமா? ரேர் எர்த் காந்த மறுசுழற்சி பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பெங்களூரு அடுகோடி வழியாக தினமும் ஆபீஸ் போய்வருகிறவரா நீங்கள்? அப்படியென்றால் தினமும் ஒரு சுரங்கத்தைக் கடந்து போகிறீர்கள். ஓசூர் ரோட்டில் ஊர்ந்துபோகும் மின்சார ஸ்கூட்டர்கள், இருபக்கமும் இருக்கும் அலுவலகங்களின் சர்வர் அறைகள், உங்கள் வீட்டு அலமாரியில் சார்ஜர் ஒயரோடு சுருண்டு கிடக்கும் பழைய லேப்டாப் என்று எல்லாவற்றுக்குள்ளும் வெள்ளி நிறத்தில் மினுங்கும் சின்னச் சின்னக் காந்தங்கள் இருக்கின்றன. 2025-ம் ஆண்டில் சீனா இந்தக் காந்தங்களின் ஏற்றுமதியை இறுக்கியபோது இந்தியாவின் வாகனத் தொழிற்சாலைகள் திணறிப்போயின.

அந்தக் காந்தங்கள் குப்பைக்குப் போகும்போது என்ன ஆகிறது? அவற்றைத் திரும்பப் பொடியாக்கி புதுக் காந்தம் செய்ய முடியுமா? முடியும். அதற்கான அறிவியல் பல பத்தாண்டுகளாகவே கையில் இருக்கிறது. இந்தியாவில் இது பெரிய அளவில் நடக்காததற்குக் காரணம் வேறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது என்ன காந்தம்?

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் கறுப்புக் காந்தம் ஃபெரைட் வகை. அது இரும்பு ஆக்சைடால் ஆனது, விலை குறைவு. நாம் பேசுவது நியோடிமியம் காந்தத்தைப் பற்றி. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஜான் குரோட்டும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த கலவை இது. சந்தையில் விற்கும் நிலைக்காந்தங்களில் இதுதான் மிக வலுவானது.

ஒரு கிலோ காந்தத்தை எடுத்துக்கொண்டால் அதில் சுமார் 300 கிராம் நியோடிமியம் முதலான அரிய மண் தனிமங்கள். போரான் 10 கிராம் அளவுக்கு இருக்கும். மீதி பெரும்பாலும் இரும்புதான்.

'அரிய மண்' என்ற பெயர் கொஞ்சம் ஏமாற்றும். பூமியின் மேலோட்டில் ஈயத்தைவிட நியோடிமியம் அதிகமாகவே இருக்கிறது. ஆனால் அது எங்கேயும் கட்டியாகக் கிடைக்காது. வேதியியல் குணத்தில் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும் பல தனிமங்களோடு கலந்து கிடக்கும். அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதுதான் கஷ்டமான, செலவு பிடித்த, கழிவு அதிகம் வரும் வேலை.

இன்னொரு பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: டிஸ்ப்ரோசியம். சாதாரண நியோடிமியம் காந்தம் சுமார் 80 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே வலுவை இழக்கத் தொடங்கும். ஸ்கூட்டர் மோட்டாரோ வெயிலிலும் ஏற்றத்திலும் அதைவிட நன்றாகச் சூடாகும். அந்தச் சூட்டைத் தாங்க காந்தத்தில் கொஞ்சம் டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ சேர்ப்பார்கள். சாம்பாரில் பெருங்காயம் மாதிரிதான், அளவு ரொம்பக் குறைவு. ஆனால் அது இல்லாமல் வேலை ஆகாது.

நம்ம ஊரிலேயே மணல் இருக்கே, அப்புறம் ஏன் இறக்குமதி?

நியாயமான கேள்வி. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் சவறாவிலும் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. அதில் நியோடிமியம் உண்டு. 1950-ல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான இந்தியன் ரேர் எர்த்ஸ் (இப்போது ஐஆர்இஎல்) பல பத்தாண்டுகளாக இந்த மணலைக் கையாள்கிறது. இந்தியாவின் மோனசைட் இருப்பில் சுமார் 72 லட்சம் டன் அரிய மண் ஆக்சைடு இருப்பதாக அணுசக்தித் துறையின் மதிப்பீடு சொல்கிறது.

ஆனால் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, மணலிலிருந்து ஆக்சைடு வரை நமக்கு வழி தெரியும். ஆக்சைடை உலோகமாக்கி, உலோகத்தைக் கலவையாக்கி, கலவையைக் காந்தமாக்கும் நடுப்பகுதி இந்தியாவில் தொழிற்சாலை அளவில் வளரவில்லை. விசாகப்பட்டினத்தில் ஐஆர்இஎல் கட்டிய காந்த ஆலை 2023 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் திறன் ஆண்டுக்கு 3,000 கிலோ. அதுவும் சமாரியம்-கோபால்ட் என்ற வேறு வகைக் காந்தம். பாதுகாப்பு, விண்வெளித் துறைகளுக்கு அது தேவை, ஸ்கூட்டருக்கு உதவாது.

இரண்டாவது ஓட்டைதான் பெரியது. நம் மோனசைட்டில் லேசான அரிய மண் தனிமங்களே அதிகம். டிஸ்ப்ரோசியம், டெர்பியம் போன்ற கனமானவை வணிக அளவில் பிரித்தெடுக்கும் அளவுக்கு அதில் இல்லை. எவ்வளவு மணலைத் தோண்டினாலும் இந்தப் பெருங்காயம் கிடைக்காது.

அப்படியென்றால் இந்தியாவுக்குள் டிஸ்ப்ரோசியம் எங்கே இருக்கிறது? ஏற்கெனவே இறக்குமதியாகி நம் வண்டிகளுக்குள்ளும் இயந்திரங்களுக்குள்ளும் சுற்றிக்கொண்டிருக்கும் காந்தங்களில் இருக்கிறது. மறுசுழற்சியைச் சுற்றுச்சூழல் நல்லெண்ணமாக மட்டும் பார்க்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். டிஸ்ப்ரோசியத்தைப் பொறுத்தவரை நம் கைக்கு எட்டும் உள்ளூர் சுரங்கம் பழைய காந்தங்கள்தான்.

2025-ல் என்ன நடந்தது?

சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2024-ல் உலகின் அரிய மண் சுரங்க உற்பத்தியில் சுமார் 60 சதவீதமும், சுத்திகரிப்பில் 91 சதவீதமும், இந்த வகைக் காந்த உற்பத்தியில் 94 சதவீதமும் சீனாவிடம் இருந்தது. இந்த மூன்று எண்களையும் வரிசையாகப் படியுங்கள். மண்ணிலிருந்து காந்தத்தை நோக்கி நகர நகர பிடி இறுகுகிறது.

2025 ஏப்ரல் 4 அன்று சமாரியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம் உட்பட ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றைக் கொண்ட காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று சீனா அறிவித்தது. முழுத் தடை இல்லை. ஆனால் உரிமத்துக்கு விண்ணப்பித்து, இறுதியில் யார் பயன்படுத்தப்போகிறார்கள் என்று எழுதிக்கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இந்தியா வாங்கும் நிலைக்காந்தங்களில் எடைக்கணக்கில் 85 முதல் 90 சதவீதம் சீனாவிலிருந்து வருபவை. விளைவு உடனே தெரிந்தது. காந்தம் வராவிட்டால் ஆகஸ்ட் மாதம் மின்சார வாகன உற்பத்தி பூஜ்யமாகிவிடலாம் என்று பஜாஜ் ஆட்டோ 2025 ஜூலையில் எச்சரித்தது.

பெங்களூருவுக்கும் ஓசூருக்கும் இது தூரத்துச் செய்தி இல்லை. அடுகோடியைத் தொட்டுப் போகும் அதே ஓசூர் ரோட்டைப் பிடித்துப் போனால் டிவிஎஸ் ஆலையும் ஏதர் ஆலையும் ஓசூரில் இருக்கின்றன. இன்னும் தள்ளிப் போனால் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலாவின் ஆலை. அடுகோடியிலேயே போஷ் வளாகம் இருக்கிறது. 1951-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தை உங்கள் அப்பா தலைமுறை 'மைகோ' என்றுதான் சொல்லும். ஒரு காலத்தில் உதிரிபாகங்கள் தயாரான அந்த வளாகம் 2022-ல் தொழில்நுட்ப வளாகமாகப் புதுப்பிறவி எடுத்தது. இந்தப் பாதையில் வேலை செய்யும் உங்களில் பலரின் சம்பளம் ஏதோ ஒரு வகையில் மோட்டாரோடும் எலெக்ட்ரானிக்ஸோடும் கட்டப்பட்டிருக்கிறது.

சரி, காந்தத்தை எப்படிப் பொடியாக்குகிறார்கள்?

சுத்தியல் தேவையில்லை. ஹைட்ரஜன் வாயு போதும்.

நியோடிமியம் காந்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் செங்கல் சுவர் போல இருக்கும். செங்கற்கள் என்பவை காந்தக் குருணைகள். அவற்றுக்கு நடுவே சுண்ணாம்புச் சாந்து மாதிரி, நியோடிமியம் அதிகம் உள்ள மெல்லிய படலம் ஒன்று ஓடும். இந்தக் காந்தத்தை ஒரு கலனுக்குள் வைத்து ஹைட்ரஜனைச் செலுத்தினால், முதலில் அந்தச் சாந்து வாயுவை உறிஞ்சி உப்பும். பிறகு குருணைகளும் உறிஞ்சும். மொத்தப் பருமனும் சில சதவீதம் பெருகும். சுவர் அந்த அழுத்தத்தைத் தாங்காது. குருணை குருணையாக உதிர்ந்துவிடும்.

இதற்கு உலைச்சூடு தேவையில்லை. அறை வெப்பநிலையிலேயே, வளிமண்டலத்தைப்போல சில மடங்கு அழுத்தத்தில், சில மணி நேரத்தில் வேலை முடியும். கூடவே இரண்டு லாபங்கள். உதிர்ந்த பொடி காந்தத்தன்மையை இழந்திருக்கும், எனவே எதிலும் ஒட்டாமல் கொட்டி எடுக்கலாம். காந்தத்தின் மேல் பூசிய நிக்கல் உறை ஹைட்ரஜனில் பொடியாகாது, செதில் செதிலாக உரிந்துவிடும். சல்லடையில் சலித்தால் செதில் மேலே நிற்கும், பொடி கீழே இறங்கும்.

அதற்கப்புறம் நடப்பது புதுக் காந்தம் செய்யும் அதே வழிதான். பொடியை மேலும் அரைத்து 3 முதல் 5 மைக்ரான் அளவுக்குக் கொண்டுவருவார்கள். பழைய காந்தம் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் ஆக்சிஜனைச் சேர்த்துவைத்திருக்கும். அதை ஈடுகட்ட சில சதவீதம் புது நியோடிமியம் ஹைட்ரைடைக் கலப்பார்கள். காந்தப்புலத்துக்குள் வைத்து எல்லாக் குருணைகளையும் ஒரே திசையில் திருப்பி அழுத்துவார்கள். பிறகு வெற்றிட உலையில் ஹைட்ரஜனை வெளியேற்றி, ஆயிரம் டிகிரிக்குச் சற்று மேலே சுட்டெடுப்பார்கள். மறுபடி காந்தமேற்றினால் பொருள் தயார்.

காந்தக் கலவைகள் ஹைட்ரஜனில் உதிரும் இந்தக் குணத்தை 1970களின் இறுதியிலிருந்தே இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ரெக்ஸ் ஹாரிஸ் குழுவினர் ஆராய்ந்தார்கள். பின்னாளில் அதே பல்கலைக்கழகம் அதைப் பழைய காந்தங்களுக்குப் பொருத்தியது. அங்கிருந்து கிளைத்த ஹைப்ரோமேக் என்ற நிறுவனம் இதைத் தொழிலாகச் செய்கிறது.

எல்லாக் காந்தமும் இந்த வழிக்கு வருமா?

வராது. இந்த ஹைட்ரஜன் வழியைக் 'குறுக்கு வழி' என்று வைத்துக்கொள்ளுங்கள். காந்தம் காந்தமாகவே இருந்து திரும்பக் காந்தமாகிறது. தனிமங்களைப் பிரிக்கும் வேலையே இல்லை. அதனால் ஆற்றலும் அமிலமும் மிச்சம். ஆனால் நீங்கள் போடும் கலவைதான் திரும்பக் கிடைக்கும். ஹார்ட் டிஸ்க் காந்தத்தில் டிஸ்ப்ரோசியம் ஏறக்குறைய இருக்காது, மோட்டார் காந்தத்தில் இருக்கும். இரண்டையும் கலந்து பொடியாக்கினால் இரண்டுக்கும் உதவாத ஒரு நடுத்தரப் பொடிதான் வரும். ஆகவே குறுக்கு வழிக்கு முதல் நிபந்தனை, தரம் பிரித்து வைத்தல்.

துருப்பிடித்தது, நொறுங்கியது, பலவகை கலந்தது, அறுக்கும்போது எண்ணெயோடு சேர்ந்து வரும் துகள் ஆகியவற்றுக்கு 'நீண்ட வழி' இருக்கிறது. அமிலத்தில் கரைத்து, இரும்பைப் பிரித்து, கரைப்பான்கள் மூலம் தனிமங்களைத் தனித்தனியாக்கி, ஆக்சைடாக எடுப்பார்கள். இது சுத்தமான பொருளைத் தரும். டிஸ்ப்ரோசியத்தைத் தனியாகவும் கொடுக்கும். ஆனால் ரசாயனச் செலவும் கழிவுநீர்ச் சிக்கலும் கூடவே வரும். கிடைத்த ஆக்சைடை உலோகமாக்க நாம் மேலே பார்த்த 'நடுப்பகுதி' தேவை. நாட்டில் இரண்டு வழிகளும் இருந்தால்தான் சுழற்சி முழுமை பெறும்.

எவ்வளவு கிடைக்கும்? ஒரு தோராயக் கணக்கு

எண்களைப் பார்க்காமல் இந்தக் கதையை நம்பிவிடக் கூடாது. 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற மின்சார இருசக்கர வாகனங்கள் சுமார் 11.5 லட்சம். ஒரு வண்டியின் மோட்டாரில் 300 கிராம் காந்தம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மொத்தம் 345 டன் காந்தம். அதில் அரிய மண் தனிமங்கள் மட்டும் சுமார் 100 டன். ஒரே ஆண்டில் விற்ற வண்டிகளுக்குள் மட்டும் இவ்வளவு.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்த வண்டிகள் நாளைக்கே குப்பைக்கு வராது. எட்டு, பத்து ஆண்டுகள் ஓடும். ஆக இந்த 345 டன் 2030களில்தான் கைக்கு வரும்.

இப்போதே கிடைப்பது என்ன? ஹார்ட் டிஸ்க். டெஸ்க்டாப்பிலும் சர்வரிலும் இருக்கும் பெரிய டிஸ்க்கில் குறைந்தது 10 கிராம் காந்தம் என்று வைத்தால், ஒரு லட்சம் டிஸ்க் சேர்த்தால் 1 டன். லேப்டாப் டிஸ்க்கில் இன்னும் குறைவு. புதிய லேப்டாப்பில் எஸ்எஸ்டி இருந்தால் அதில் இந்தக் காந்தமே கிடையாது. அதாவது இந்தக் கையிருப்பு காலப்போக்கில் சுருங்கும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை: காந்த ஆலையின் சொந்தக் கழிவு. காந்தத்தைப் பெரிய கட்டியாகச் சுட்டு, தேவையான வடிவத்துக்கு அறுத்துத் தேய்க்கும்போது கணிசமான பகுதி துகளாகப் போகிறது. இந்தியாவில் புதிய காந்த ஆலைகள் எழுந்தால், மறுசுழற்சிக்கு முதலில் பெரிய அளவில் வரப்போவது ஸ்கூட்டர் காந்தத்தைவிட இந்தத் துகளாகவே இருக்கும்.

வழி தெரிந்தும் ஏன் நடக்கவில்லை?

உலக அளவிலேயே அரிய மண் தனிமங்களில் மறுசுழற்சியாகும் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு என்றுதான் ஆய்வாளர்கள் நீண்டகாலமாகச் சொல்லிவருகிறார்கள். இந்தியாவில் இதற்கு மூன்று முடிச்சுகள் உண்டு.

முதல் முடிச்சு, பிரித்தெடுப்பது. பெங்களூருவில் நிறுவனங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கை விற்கும்போது தரவு கசியக் கூடாது என்பதற்காக மொத்தமாக அரைத்துத் தரச் சொல்வது வழக்கம். அரைத்ததும் காந்தம் உடைந்து, பக்கத்தில் இருக்கும் இரும்புத் துண்டுகளில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த இரும்பு உலைக்குப் போகும். உலையில் நியோடிமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து கசடாகிவிடும். அதை அங்கிருந்து மீட்பது லாபகரமான வேலை இல்லை. தரவைக் காப்பாற்றப் போய் காந்தத்தை இழக்கிறோம். இத்தனைக்கும் தரவு இருப்பது வட்டத்தட்டில். காந்தம் இருப்பது அதைப் படிக்கும் கையின் பக்கத்தில். காந்தத்தைக் கழற்றிய பிறகு தட்டை அரைத்தால் இரண்டும் நடக்கும்.

இரண்டாவது முடிச்சு, கூலிக் கணக்கு. தமிழ்நாட்டில் காயலான் கடை, பெங்களூருவில் குஜரி கடை. பெயர் எதுவானாலும் அங்கே விலை உண்டாவது செம்புக்கும் அலுமினியத்துக்கும் போர்டில் இருக்கும் தங்கத்துக்கும்தான். மோட்டாரில் செம்புச் சுருளை உருவியதும் காந்தம் ஒட்டிய ரோட்டர் 'இரும்பு' என்று எடை போடப்படுகிறது. பசையோடு இறுக்கி ஒட்டிய காந்தத்தைக் கழற்ற ஆகும் நேரத்துக்கு அங்கே யாரும் காசு கொடுப்பதில்லை.

மூன்றாவது முடிச்சு, அரசின் கணக்கேடு. என் பார்வையில் இதுதான் முக்கியமானது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, பொருளைத் தயாரிக்கும் நிறுவனமே அதன் கழிவுக்கும் பொறுப்பு. அந்தப் பொறுப்பை நிறைவேற்ற அது மறுசுழற்சி ஆலையிடமிருந்து சான்றிதழ் வாங்க வேண்டும். இந்த முறை தொடங்கியபோது சான்றிதழுக்குக் கணக்கில் எடுக்கப்பட்ட உலோகங்கள் நான்கு: தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு. 2025 ஏப்ரல் 1 முதல் வந்த பழைய வாகன விதிகளில் கணக்கு எஃகின் எடையில் ஓடுகிறது. ஆலையின் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். காந்தத்தை இரும்போடு சேர்த்து அனுப்பினால் அதன் எடைக்கும் சான்றிதழ் உண்டு. தனியாகக் கழற்றி நியோடிமியமாக மீட்டால் கூலிதான் கூடும், சான்றிதழ் வராது. எதை எண்ணுகிறோமோ அதுதான் மீட்கப்படும்.

அரசு என்ன செய்திருக்கிறது?

2025-ல் மூன்று முடிவுகள் வந்தன. ஜனவரி 29 அன்று தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. செப்டம்பர் 3 அன்று, அந்த இயக்கத்தின் கீழ் முக்கியக் கனிம மறுசுழற்சிக்கு ரூ.1,500 கோடி ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. மின்கழிவு, லித்தியம் பேட்டரி உள்ளிட்டவற்றிலிருந்து முக்கியக் கனிமங்களை மீட்கும் ஆலைகளுக்கு 2030-31 வரை இது கிடைக்கும். மூன்றில் ஒரு பங்கு சிறிய, புதிய நிறுவனங்களுக்கும் ஸ்டார்ட்அப்களுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நவம்பர் 26 அன்று, ஆண்டுக்கு 6,000 டன் அரிய மண் காந்தங்களை உள்நாட்டிலேயே செய்ய ரூ.7,280 கோடி திட்டம் வந்தது. ஐந்து நிறுவனங்கள் வரை, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 1,200 டன்.

2026-27 மத்திய பட்ஜெட்டில் ஒடிசா, கேரளம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய நான்கு மாநிலங்களில் அரிய மண் தொழில் வழித்தடங்கள் அறிவிக்கப்பட்டன. கர்நாடகம் பட்டியலில் இல்லை. ஆனால் மின்கழிவு அதிகம் சேரும் பெங்களூருவும், ஸ்கூட்டர் ஆலைகள் இருக்கும் ஓசூர்-கிருஷ்ணகிரி வட்டாரமும் ஒரே நெடுஞ்சாலையில்தான் இருக்கின்றன. கழிவு ஒரு மாநிலத்தில், தேவை பக்கத்து மாநிலத்தில். சரியாக இணைத்தால் இதைவிட வசதியான ஜோடி கிடைப்பது கடினம்.

ஆய்வுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். சென்னை தரமணியில் ஐஐடி மெட்ராஸ் ஆய்வுப் பூங்காவில் இயங்கும் ஏஆர்சிஐ மையம் நியோடிமியம் காந்தங்களிலும் வாகன மோட்டார்களிலும் வேலை செய்கிறது. மறுசுழற்சி நிறுவனமான அட்டெரோ தன் அரிய மண் மறுசுழற்சித் திறனைப் பல மடங்கு பெருக்கப்போவதாக 2025-ல் அறிவித்தது. பெங்களூருவை அடுத்த தாபஸ்பேட்டையில் 2005 முதல் இயங்கும் இ-பரிசரா, அரசு அனுமதி பெற்ற மின்கழிவு ஆலைகளில் நாட்டின் முன்னோடி. ஆகவே முறையான மின்கழிவுத் தொழில் இந்த ஊருக்குப் புதிதல்ல.

மற்ற நாடுகள் எப்படிச் சமாளிக்கின்றன?

ஜப்பான் 2010-லேயே பாடம் கற்றது. கடல் எல்லைத் தகராறில் சீனாவிலிருந்து வரும் அரிய மண் சரக்கு தடைபட்டது. அதே ஆண்டு, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து காந்தத்தை இயந்திரத்தால் தனியாக்கும் முறையை உருவாக்கியிருப்பதாக ஹிட்டாச்சி அறிவித்தது. அமெரிக்காவில் வெஸ்டர்ன் டிஜிட்டலும் மைக்ரோசாஃப்டும் வேறு சில நிறுவனங்களோடு சேர்ந்து, டேட்டா சென்டர்களின் பழைய டிஸ்க் அரைவைகளில் சுமார் 22 டன்னை அமிலம் இல்லாத முறையில் பதப்படுத்தியதாக 2025-ல் தெரிவித்தன. அதே ஆண்டு ஜூலையில், மறுசுழற்சி செய்த காந்தங்களுக்காக எம்பி மெட்டீரியல்ஸ் நிறுவனத்தோடு 50 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது ஆப்பிள்.

மூன்றிலும் ஒரு பொதுவான விஷயம் இருக்கிறது. பொருளைப் பெரிய அளவில் பயன்படுத்துகிற நிறுவனமே 'எனக்குப் பழைய காந்தம் வேண்டும்' என்று முன்வந்தது. வாங்க ஆள் இருந்தால் கழற்றவும் ஆள் வருவார்கள்.

இன்னொரு பாதையும் உண்டு: அரிய மண் இல்லாத மோட்டார். ஃபெரைட் காந்த மோட்டாருக்குச் சான்று பெற்றிருப்பதாக ஓலா 2025 அக்டோபரில் அறிவித்தது. எடையும் அளவும் கூடாமல் அதே திறனைக் கொண்டுவருவதுதான் இந்த வழியின் சவால். இது வெற்றி பெற்றால் தேவை குறையும். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கான வண்டிகளின் காந்தம் அப்படியேதான் இருக்கும்.

மறுசுழற்சி வந்தால் கன்னியாகுமரியில் சுரங்கம் வேண்டாமா?

இதில் மிகைப்படுத்தக் கூடாது. கிள்ளியூர் வட்டாரத்தில் சுமார் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கும் திட்டத்தை மீனவ கிராமங்கள் எதிர்த்துவருகின்றன. மோனசைட்டில் கதிரியக்கத் தன்மையுள்ள தோரியம் இருப்பதால் அந்த அச்சம் காரணமற்றது அல்ல. முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு தந்த மத்திய அரசின் 2025 செப்டம்பர் உத்தரவைத் தமிழ்நாடு அரசு எதிர்த்தது.

பழைய காந்தத்தில் தோரியம் கிடையாது. அதைப் பொடியாக்க எந்தக் கடற்கரையையும் தோண்ட வேண்டாம். ஆனால் மேலே போட்ட கணக்கை மறந்துவிடாதீர்கள். 6,000 டன் காந்தம் செய்யும் நாட்டுக்கு ஒரு ஆண்டின் ஸ்கூட்டர்கள் தருவது 345 டன், அதுவும் பத்தாண்டு கழித்து. மறுசுழற்சி சுரங்கத்தை இன்றைக்கே தேவையற்றதாக்காது. எவ்வளவு தோண்ட வேண்டும் என்ற எண்ணைக் குறைக்கும். அந்த எண்ணைச் சொல்லாமல் ஒரு கிராமத்தின் மணலைக் கேட்பது நியாயமில்லை. கழிவில் எவ்வளவு காந்தம் இருக்கிறது என்று எண்ணத் தொடங்கினால்தான் மணலில் எவ்வளவு வேண்டும் என்றும் சொல்ல முடியும்.

சரி, நீங்க என்ன பண்ணலாம்?

வீட்டில் ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஹார்ட் டிஸ்க்கைப் பிரிக்க வேண்டாம். இந்தக் காந்தங்கள் விரலை நசுக்கும். குழந்தைகள் விழுங்கினால் குடலைத் துளைக்கும். அரைத்த நுண்பொடி காற்றுப்பட்டாலே தீப்பிடிக்கும். ஹைட்ரஜன் கலனும் குடியிருப்புகளுக்கு நடுவே வைக்கும் பொருள் அல்ல. அடுகோடி போன்ற நெருக்கமான பகுதிக்குப் பொருந்துவது சேகரிப்பும் கழற்றுதலும். பொடியாக்குவது தொழிற்பேட்டையில்தான் நடக்க வேண்டும்.

உங்கள் கை எட்டும் இடம் உங்கள் ஆபீஸ். பழைய கணினிகளைக் கழிக்கும் முடிவு ஐடி, அட்மின் பிரிவுகளில் எடுக்கப்படுகிறது. அங்கே மூன்று கேள்விகள் கேட்கலாம். நாம் மின்கழிவு கொடுக்கும் நிறுவனம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்ததா? ஹார்ட் டிஸ்க்கை அரைக்கும் முன் காந்தத்தைக் கழற்றுகிறார்களா? கழற்றிய காந்தம் எடை போடப்பட்டு எங்கே போகிறது? மூன்றாவது கேள்விக்கு இன்றைக்குப் பெரும்பாலும் பதில் வராது. ஆனால் ஆயிரக்கணக்கில் கணினிகளைக் கழிக்கும் நிறுவனம் அதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்தால், பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வரும்.

வாகனத் துறையில் வேலை செய்கிறீர்களா? அப்படியென்றால் மோட்டார் வரைபடத்தின் பக்கம் பாருங்கள். காந்தத்தைப் பசையால் நிரந்தரமாக ஒட்டாமல் கழற்றும்படி வைக்க முடியுமா, அதில் டிஸ்ப்ரோசியம் இருக்கிறதா என்று மோட்டாரின் மேலேயே ஒரு குறியீடு அச்சிட முடியுமா என்று கேளுங்கள். 2035-ல் அந்த மோட்டாரைப் பிரிக்கப்போகிறவருக்கு அந்தக் குறியீடு இருந்தால்தான் அது எந்தப் பொடிக்கு, எந்தத் தொட்டிக்குப் போக வேண்டும் என்று தெரியும்.

இனி கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுதான். ரூ.7,280 கோடி, ரூ.1,500 கோடி என்ற தலைப்புச் செய்திகள் திரும்பத் திரும்ப வரும். அவற்றைவிட, மறுசுழற்சிச் சான்றிதழ்ப் பட்டியலில் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்போடு நியோடிமியமும் டிஸ்ப்ரோசியமும் எப்போது இடம்பிடிக்கின்றன என்று பாருங்கள். குஜரி கடைக்காரர் அந்த ரோட்டரை இரும்பு என்று எடை போடுவதை நிறுத்தப்போகும் நாள் அதைப் பொறுத்தே இருக்கிறது.